தோற்றவரின் வாதுரை: ஆல்பியன் டூர்ஜேயின் வாழ்வும் பிளெஸி வழக்கும்

அரசமைப்புச் சட்டம் பயிலும் மாணவர் எவரும் பிளெஸி எதிர் பெர்கூசன் என்னும் அமெரிக்க வழக்கைப் படிக்காமல் கடப்பதில்லை. தனித்தனியாக வைத்தாலும் சமமாகவே நடத்துகிறோம் என்னும் பொய்க்கு 1896ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தின் முத்திரையைக் குத்திய வழக்கு அது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹென்றி பிரவுனின் பெயர் பாடநூல்களில் உண்டு. தனியொருவராக மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லனைப் பேராசிரியர்கள் போற்றுகின்றனர். பிளெஸியின் தரப்பில் வாதாடித் தோற்ற வழக்கறிஞரைப் பற்றி வகுப்பறைகளில் பேச்சே எழுவதில்லை.

அவர் பெயர் ஆல்பியன் வைன்கர் டூர்ஜே. அடிமைமுறையை எதிர்த்துப் போர்க்களம் சென்ற இராணுவ அதிகாரி; ஒரு மாநிலத்தின் அரசமைப்பை வகுத்த அவையின் உறுப்பினர்; கொலைக் கும்பல்களின் மிரட்டலுக்கிடையே பணியாற்றிய நீதிபதி; தம் காலத்தில் நாடறிந்த நாவலாசிரியர். வெள்ளையராகப் பிறந்த அவர், கறுப்பின மக்களின் குடியுரிமைக்காக நாற்பதாண்டுகள் உழைத்துப் பெரும்பாலும் தோற்றார். அந்தத் தோல்விகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், ஓர் உரிமை நீதிமன்றத்தில் பறிபோவதற்கு முன்பே வேறெங்கெல்லாம் பறிபோகிறது என்பது தெளிவாகும்.

போர்க்களத்திலிருந்து வட கரோலினாவுக்கு

டூர்ஜே 1838 மே 2 அன்று ஒகையோ மாநிலத்தின் வில்லியம்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அடிமைமுறை எதிர்ப்பு வேரூன்றியிருந்த வட்டாரம் அது. பதினான்கு வயதில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த அவர், 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் நியூயார்க்கின் 27ஆவது காலாட்படையில் சேர்ந்தார். முதல் புல் ரன் போரில் பின்வாங்கும்போது முதுகெலும்பில் பலத்த அடிபட்டுச் சில காலம் நடக்க இயலாமல் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒகையோவின் 105ஆவது படைப்பிரிவில் லெப்டினன்டாகத் திரும்பவும் களம் புகுந்தார். பெர்ரிவில் போரில் மீண்டும் காயமுற்றார்; 1863 தொடக்கத்தில் எதிரிகளிடம் சிறைப்பட்டுச் சில மாதங்களுக்குப் பின் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். விடுதலையான கையோடு எம்மா கில்போர்னை மணந்துகொண்டு படைக்குத் திரும்பினார். முதுகுவலி வாட்டவே அவ்வாண்டின் இறுதியில் பதவி விலகினார். அந்த வலி வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு நீங்கவில்லை.

அதன்பின் சட்டம் பயின்று 1864இல் வழக்கறிஞரானார். போர் முடிந்த 1865இல் மனைவியுடன் தெற்கே வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ நகரில் குடியேறினார். வடக்கிலிருந்து இவ்வாறு வந்தவர்களைத் தெற்கத்திய வெள்ளையர்கள் பை தூக்கிகள் என்று இழித்துரைத்தனர். பிழைப்புத் தேடித்தான் டூர்ஜேயும் வந்தார். அதை அவர் மறைக்கவில்லை. தொடங்கிய தொழில் நொடித்தது. ஆனால், விடுதலையான மக்கள் நிலமின்றி, எழுத்தறிவின்றி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் தடைகளோடு நிற்பதைக் கண்ட அவரால் அரசியலிலிருந்து ஒதுங்கி நிற்க இயலவில்லை.

ஓர் அரசமைப்பு எழுதப்படுகிறது

1867இல் நாடாளுமன்றம் இயற்றிய மறுசீரமைப்புச் சட்டங்கள், தெற்கு மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையைக் கொண்டுவந்தன. அவர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசமைப்பு அவை, 1868 சனவரியில் வட கரோலினாவின் தலைநகரான ராலேயில் கூடியது. 120 உறுப்பினர்களில் 15 பேர் கறுப்பினத்தவர். கில்ஃபோர்டு கவுண்டியின் பிரதிநிதியாக அவைக்குள் நுழைந்த டூர்ஜே, 29 வயதிலேயே அதன் முதன்மையான குரல்களுள் ஒன்றாக விளங்கினார்.

அதுவரை அந்த மாநிலத்தில் உள்ளூர் நிர்வாகமும் உள்ளூர் நீதியும் நிலவுடைமையாளர்களின் கையில் இருந்தன. மேலிருந்து நியமிக்கப்பட்ட அமைதி நீதிபதிகளே வரி விதித்தனர், சாலை போட்டனர், தண்டனையும் வழங்கினர். சொத்து உள்ளவருக்கே பதவி. புதிய அரசமைப்பு இந்தக் கட்டமைப்பை உடைத்தது. கவுண்டி நிர்வாகிகளையும் நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுப்பர் என்றாயிற்று. பதவிக்கான சொத்துத் தகுதி ஒழிந்தது. இலவசப் பொதுப்பள்ளிகளை நடத்துவது அரசின் கடமையானது. சவுக்கடியும் உடலில் சூடு போடுவதும் தண்டனைப் பட்டியலிலிருந்து நீங்கின. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் வெகுவாகக் குறைந்தன. இவற்றுள் பலவற்றில் டூர்ஜேயின் உழைப்பு இருந்தது. மாநிலத்தின் சட்டங்களைத் தொகுத்துச் செம்மைப்படுத்திய மூவர் குழுவிலும் அவர் இடம்பெற்றார். உரிமையியல் நடைமுறையில் பாமரரைச் சிக்கவைத்த பழைய வடிவங்கள் பலவற்றை அக்குழு களைந்தது.

கறுப்பின மக்களோடு ஏழை வெள்ளையரும் பயனடைந்த அரசமைப்பு அது. பழைய ஆளும் வர்க்கம் அதனை அஞ்சியதற்கு அதுவே காரணம். கீழ்த்தட்டில் கிடந்த இரு தரப்பும் ஒரே வாக்குச்சீட்டின் கீழ் ஒன்றுசேர்ந்தால் தங்கள் ஆட்சி மீளாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நீதிமன்ற வாசலில் ஒரு மரம்

1868இல் டூர்ஜே அம்மாநிலத்தின் மேல்நிலை நீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆறாண்டுகள் பணியாற்றினார். கறுப்பினத்தவர் ஜூரிகளாக அமர வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவரது ஆளுகைக்குட்பட்ட கவுண்டிகளில்தான் கூ க்ளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கும்பல் வலுவாக இயங்கியது. வாக்களித்தவர்கள், பள்ளி நடத்தியவர்கள், நிலம் வாங்கியவர்கள் ஆகியோரின் வீடுகளை இரவில் தாக்கியது.

அலமான்ஸ் கவுண்டியின் கிரகாம் நகரில் வயட் அவுட்லா என்னும் கறுப்பினத் தலைவர் இருந்தார். நகரின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற அவர், காவல் பொறுப்பும் வகித்தார். 1870 பிப்ரவரி 26 அன்று இரவில் அவரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்ற கும்பல், நீதிமன்றக் கட்டடத்திற்கு அருகிலிருந்த மரத்தில் தூக்கிலிட்டது. அவர்கள் அந்த இடத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் கட்டடத்திற்குள் உனக்கு நீதி இல்லை என்பதே அந்த மரம் சொன்ன செய்தி. கொலையாளிகளை அடையாளம் கண்டதாகச் சொன்ன மற்றொரு கறுப்பினத்தவர் பின்னர் ஒரு குளத்தில் பிணமாகக் கிடந்தார். அதே ஆண்டு மே மாதம் காஸ்வெல் கவுண்டியில், டூர்ஜேயின் நண்பரும் மாநில செனட்டருமான ஜான் ஸ்டீபன்ஸ் என்னும் வெள்ளையர் நீதிமன்றக் கட்டடத்திற்குள்ளேயே கொல்லப்பட்டார். மாடியில் அரசியல் கூட்டம் நடந்துகொண்டிருந்த பகல் வேளை அது.

ஆளுநர் வில்லியம் ஹோல்டன் இவ்விரு கவுண்டிகளிலும் கிளர்ச்சி நிலையை அறிவித்துப் படையை அனுப்பினார். அடுத்த தேர்தலில் எதிர்த்தரப்பு சட்டமன்றத்தைக் கைப்பற்றியது. 1871இல் அவர்மீதே குற்றம் சுமத்திப் பதவியிலிருந்து நீக்கியது. கொலை செய்த கும்பல் வெளியே நடமாட, அதனை ஒடுக்க முனைந்தவர் தண்டிக்கப்பட்டார்.

டூர்ஜே தளரவில்லை. கொலை மிரட்டல்கள் வந்துகொண்டேயிருந்த நிலையில் அவுட்லா கொலை வழக்கை மீண்டும் கையிலெடுத்தார். அவரது முயற்சியால் 60க்கும் மேற்பட்ட கிளான் உறுப்பினர்கள்மீது ஜூரி குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. வழக்கு முன்னேறும் எனத் தோன்றிய வேளையில் மாநிலச் சட்டமன்றம் குறுக்கே வந்தது. எந்தச் சட்டத்தின்கீழ் அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டதோ அந்தச் சட்டத்தையே நீக்கியது; 1873இல் பொது மன்னிப்பையும் வழங்கியது. அவுட்லாவைக் கொன்றவர்களுள் ஒருவரும் தண்டனை பெறவில்லை.

அதே 1873ஆம் ஆண்டில்தான் மகாத்மா ஜோதிராவ் புலே தமது குலாம்கிரி நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். புலே போற்றிய அந்தப் பெரும் பணி, டூர்ஜேயின் கண்முன்னே குலைந்துகொண்டிருந்தது.

1875இல் கூடிய மற்றோர் அரசமைப்பு அவையிலும் டூர்ஜே உறுப்பினராக இருந்தார். இம்முறை அவர் சிறுபான்மைத் தரப்பில் நின்று, முன்பு எழுதியவை ஒவ்வொன்றாகத் திருத்தப்படுவதைப் பார்க்க நேர்ந்தது. கவுண்டி நிர்வாகத்தை மக்களிடமிருந்து சட்டமன்றம் பறித்துக்கொள்ள வழி திறக்கப்பட்டது. பள்ளிகளில் இனப்பிரிவினை அரசமைப்பிலேயே எழுதப்பட்டது.

டூர்ஜே குறையற்றவர் அல்லர். அக்காலத்தின் பெரும் இரயில்வே ஊழலில் தொடர்புடைய ஒருவரிடம் அவர் கடன் பெற்றிருந்தார். எதிரிகள் அதனைத் தக்க ஆயுதமாக்கிக்கொண்டனர். ஒடுக்கப்பட்டோருக்காக நிற்பவரின் சிறு சறுக்கலும் ஒரு முழு இயக்கத்தின்மீது சேறாக விழும் என்பதற்கு அது சான்று.

நாவலும் நாளேடும்

1879இல் டூர்ஜே வட கரோலினாவைவிட்டு வெளியேறினார். அவ்வாண்டில் வெளிவந்த முட்டாளின் பயணம் என்னும் அவரது நாவல், தெற்கில் கண்டவற்றைக் கதையாக்கியது. லட்சத்திற்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. மக்களுக்கு வாக்குச்சீட்டைத் தந்துவிட்டுப் பாதுகாப்பையும் கல்வியையும் தராமல் அவர்களைக் கொலைகாரர்களின் நடுவே விட்டுச்சென்ற வடக்கின் பொறுப்பின்மையே அந்நாவல் சுட்டும் முட்டாள்தனம். கையில் வந்த பணத்தை ஒரு வார இதழில் முதலிட்டு மொத்தமாக இழந்தார். நியூயார்க் மாநிலத்தின் மேவில் என்னும் சிற்றூரில் கடனோடு வாழ்ந்துகொண்டே, சிகாகோவின் இன்டர் ஓஷன் நாளேட்டில் பத்தி எழுதினார். கும்பல் கொலைகளையும் பிரிவினைச் சட்டங்களையும் தொடர்ந்து கண்டித்த அந்தப் பத்தியைக் கறுப்பின மக்கள் தேடிப் படித்தனர். 1891இல் அவர் தொடங்கிய தேசியக் குடிமக்கள் உரிமைச் சங்கத்தில் இரு இனத்தவரும் பெருந்திரளாகப் பெயர் பதிந்தனர். ஆயினும், ஊர்தோறும் கிளையோ முழுநேர ஊழியர்களோ நிலையான நிதியோ இல்லாத அச்சங்கம் சில ஆண்டுகளில் மெலிந்து மறைந்தது.

பிளெஸி வழக்கு

லூசியானா மாநிலம் 1890இல், இரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டிகளைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. மீறும் பயணிக்கு 25 டாலர் அபராதம் அல்லது 20 நாள் சிறை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பின, கலப்பினச் சமூகத்தைச் சேர்ந்த 18 பேர் 1891இல் ஒரு குடிமக்கள் குழுவை அமைத்தனர். வழக்கறிஞரும் இதழாசிரியருமான லூயி மார்ட்டினே அவர்களுள் முதன்மையானவர். மக்களிடம் சிறுகச் சிறுக நிதி திரட்டிய குழு, தலைமை வழக்கறிஞராக டூர்ஜேயை அழைத்தது. கடனில் இருந்த அவர் கட்டணமின்றி ஒப்புக்கொண்டார். இந்த வழக்கைத் தொடங்கியவர்கள் பாதிக்கப்பட்ட மக்களே. டூர்ஜே அவர்கள் அழைத்து வந்தவர். இந்த வரிசையை மறப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

அது திட்டமிட்ட சோதனை வழக்கு. பார்வைக்கு வெள்ளையராகத் தோன்றும் ஒருவரே மனுதாரராக வேண்டும் என்று டூர்ஜே கருதினார். யார் எந்த இனம் என்பதை ஓர் இரயில் நடத்துநர் முடிவு செய்வதன் அபத்தத்தை அது வெளிப்படுத்தும் என்பது அவர் கணக்கு. வெளிர்நிறத்தவர் நியூ ஆர்லியன்ஸில் பல இடங்களில் தடையின்றி நுழைந்துவிடுவதே வழக்கம் என்று மார்ட்டினே தம் ஐயத்தைத் தெரிவித்தார். முதலில் டேனியல் டெடூன் என்பவர் வெளிமாநிலம் செல்லும் இரயிலில் ஏறிக் கைதானார். மாநிலங்களுக்கிடையிலான பயணத்திற்கு இச்சட்டம் பொருந்தாது எனக் கூறி அவ்வழக்கு முடிக்கப்பட்டது. பின்னர் 1892 சூன் 7 அன்று, செருப்புத் தொழிலாளியான ஹோமர் பிளெஸி மாநிலத்துக்குள்ளேயே ஓடும் இரயிலில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து கைதானார். அவருடைய மூதாதையர் எண்மரில் ஒருவரே கறுப்பினத்தவர்.

கீழமை நீதிமன்றத்தில் நீதிபதி பெர்கூசனும், பின்னர் மாநில உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றன. வழக்கு 1893இல் வாஷிங்டனை அடைந்தது. நீதிபதிகளின் மனப்போக்கைக் கணித்த டூர்ஜேக்கு அச்சம் எழுந்தது. பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1883இல், பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே நீதிமன்றம் செல்லாததாக்கியிருந்தது. தாம் வகுத்த அரசமைப்புக் கோட்பாட்டை அந்நீதிமன்றம் எளிதில் மாற்றிக்கொள்ளாது என்பதையும், தோற்றால் அத்தோல்வி பல தலைமுறைகளைப் பிணிக்கும் என்பதையும் அவர் மார்ட்டினேயிடம் எடுத்துரைத்தார். விசாரணையை விரைவுபடுத்தாமல், நீதிபதிகள் மாறுவதற்கும் மக்கள் கருத்து திரும்புவதற்கும் காத்திருந்தார். மூன்றாண்டுகள் கழிந்தன, காலம் மேலும் மோசமாகவே திரும்பியது.

1896 ஏப்ரல் 13 அன்று அவர் வாதிட்டார். அவருடைய வாதுரை இன்றும் படிக்கத்தக்கது. அடிமைமுறை என்பது ஒருவர் மற்றொருவரைச் சொத்தாக வைத்திருப்பது மட்டுமன்று. ஒரு வகுப்பார் முழுவதையும் மற்றொரு வகுப்பாருக்குக் கீழ்ப்பட்டவராக வைக்கும் நிலையே அதன் உயிர். அந்நிலையை மீட்டுக் கொணரும் சட்டம் 13ஆவது திருத்தத்தை மீறுகிறது என்றார். 14ஆவது திருத்தம் ஒரு புதிய தேசியக் குடியுரிமையைப் படைத்துள்ளது. அதனை மாநிலங்கள் நிறத்தால் பிரிக்க இயலாது என்றார். பெட்டியைப் பிரிக்கலாம் என்றால் தெருவின் இரு பக்கங்களையும் இனவாரியாகப் பிரிக்கலாமே, தலைமுடியின் நிறத்தாலும் பிரிக்கலாமே என வினவினார். ஒருநாள் காலையில் கறுத்த தோலோடு கண்விழித்தால் எப்படி உணர்வீர்கள் என எண்ணிப் பார்க்குமாறு நீதிபதிகளையே கேட்டார்.

அவர் சுட்டிய இன்னொரு நுட்பம் நம் கவனத்திற்குரியது. அச்சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வெள்ளையர் குழந்தையைப் பராமரிக்கும் கறுப்பினச் செவிலித்தாய் வெள்ளையர் பெட்டியில் அமரலாம். அதே பெண் தனக்கென ஒரு பயணச்சீட்டு வாங்கிச் சமமான பயணியாக வந்தால் குற்றவாளி. அருகில் அமர்வது சிக்கலே இல்லை; எந்த நிலையில் அமர்கிறார் என்பதே சிக்கல். பணியாளராக வந்தால் தொடலாம், குடிமகளாக வந்தால் விலக வேண்டும். இதனைப் படிக்கும் நமக்கு விளக்கவுரை தேவையில்லை.

அவரது வாதங்களுள் ஒன்று இரண்டு முனையும் கூரான கத்தி. வெள்ளையர் எனக் கருதப்படும் நற்பெயரே ஒரு சொத்து. நடத்துநரின் முடிவு அதனை உரிய நடைமுறையின்றிப் பறிக்கிறது என்றார். வெள்ளை நிறம் அச்சமூகத்தில் பணமதிப்புள்ள உடைமையாக இருப்பதை நீதிமன்றத்திலேயே அம்பலப்படுத்திய துணிச்சல் அது. ஆனால், கருநிற உடலோடு பெட்டியில் ஏறும் பெண்ணுக்கு அவ்வாதம் எதையும் தரவில்லை. நீதிபதி பிரவுனும் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். பிளெஸி வெள்ளையரானால் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கட்டும். இல்லையெனில் தமக்கு உரியதல்லாத பெயரை அவர் இழக்கவில்லை என முடித்துவிட்டார்.

மே 18 அன்று, ஏழுக்கு ஒன்று என்னும் கணக்கில் தீர்ப்பு வந்தது. பிரிவினையை இழிவாக எண்ணுவது கறுப்பினத்தவரின் சொந்தக் கற்பனை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. ஹார்லன் மட்டும் மறுத்தார். அரசமைப்புக்கு நிறம் தெரியாது, இந்நாட்டில் சாதி இல்லை என்று அவர் எழுதியதில் டூர்ஜேயின் வாதுரை எதிரொலிக்கிறது. சாதி என்னும் அச்சொல்லையே ஹார்லன் ஆண்டார். ஆனால், அதே தீர்ப்பில் வெள்ளையரின் மேலாதிக்கம் நீடிக்கும் எனப் பெருமிதம் கொண்டார். சீனர்களை இழித்தும் எழுதினார். போற்றும்போது இதனையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தோல்வி எங்கே தொடங்கியது?

பிளெஸி 1897இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 டாலர் அபராதம் கட்டினார். தீர்ப்பின் துணையோடு பிரிவினை பள்ளி, மருத்துவமனை, பூங்கா, குடிநீர்க் குழாய் என எங்கும் பரவியது. டூர்ஜே அவ்வாண்டில் பிரான்சின் போர்தோ நகருக்கு அமெரிக்கக் கான்சலாகச் சென்றார். 1905 மே 21 அன்று அங்கேயே மறைந்தார். அவ்வாண்டு இறுதியில், டூ போய்ஸ் உள்ளிட்டோர் தொடங்கியிருந்த நயாகரா இயக்கத்தினர், ஃபிரெடரிக் டக்ளஸ், வில்லியம் லாயிட் கேரிசன் ஆகியோரோடு டூர்ஜேக்கும் நினைவஞ்சலி செலுத்தினர்.

அவர் தொட்டதெல்லாம் தோல்வி அன்று. பிளெஸி வழக்கில் தோற்ற அதே 1896இல், ஒகையோ மாநிலம் கும்பல் கொலைக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. அதனை வரைந்தவர் டூர்ஜே. சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் ஹாரி ஸ்மித் என்னும் கறுப்பின உறுப்பினர். கும்பல் வன்முறைக்கு ஆளானவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ, அது நடந்த கவுண்டியே இழப்பீடு தர வேண்டும் என்றது அச்சட்டம். தடுக்கத் தவறிய நிர்வாகத்தின் கருவூலத்தில் கைவைத்தால்தான் அது விழிக்கும் என்பதை அவுட்லாவின் மரத்தடியில் கற்றவர் அவர்.

இயக்கத்தில் இருக்கும் வழக்கறிஞர் எவரையும் துரத்தும் கேள்வி ஒன்றுண்டு. தோற்கக்கூடும் என்று தெரிந்தும் ஒரு வழக்கை உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லலாமா? நம் மனுவே நாளை பிறரின் கழுத்தை இறுக்கும் முன்தீர்ப்பாகிவிடாதா? டூர்ஜேயின் வாழ்க்கை இதற்கு எளிய விடை தருவதில்லை. ஆனால், கேள்வியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டுகிறது. பிளெஸியின் தோல்வி 1896இல் வாஷிங்டனில் எழுதப்படுவதற்கு முன்னரே, 1873இல் ராலேயில் எழுதப்பட்டுவிட்டது. நீதிமன்ற வாசலில் ஒருவரைத் தூக்கிலிட்டவர்கள் சட்டப்படியே விடுவிக்கப்பட்டபோது, அம்மக்களின் குடியுரிமைக்கு விலையில்லை என்பது ஊரறிய உறுதியாயிற்று. இரயில் பெட்டிச் சட்டம் அதன்பின் வந்தது. உச்ச நீதிமன்றம் அதற்கும் பின்னரே வந்தது. கொலையாளிக்குக் கிடைக்கும் விடுதலையே பாகுபாட்டுச் சட்டத்தின் முதல் வரைவு.

பிற்காலத்தில் சார்லஸ் ஹூஸ்டனும் தர்குட் மார்ஷலும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஒரே அடியில் பிளெஸியை வீழ்த்த முனையாமல், அமைப்பைக் கட்டி, முதுநிலைக் கல்வியிலும் சட்டக் கல்லூரிகளிலும் தொடங்கிப் படிப்படியாக முன்தீர்ப்புகளைச் சேர்த்தனர். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் பள்ளிப் பிரிவினை வீழ்ந்தது. டூர்ஜேயிடம் வாதம் இருந்தது; அதனைத் தாங்கும் அமைப்பு இல்லை. அவர்களிடம் இரண்டும் இருந்தன.

2022 சனவரியில் லூசியானாவின் ஆளுநர் ஹோமர் பிளெஸிக்கு மரணத்திற்குப் பிந்தைய மன்னிப்பு வழங்கினார். வயட் அவுட்லாவைக் கொன்றவர்களுக்கு மூன்றே ஆண்டுகளில் கிடைத்த மன்னிப்பு, ஓர் இருக்கையில் அமர்ந்த செருப்புத் தொழிலாளிக்குக் கிடைக்க 130 ஆண்டுகள் ஆயின. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரிப்போம். எந்த நீதிமன்றத்தில் நின்றாலும், தண்டிக்கப்படாத முதல் கொலையிலிருந்தே நம் வாதுரையைத் தொடங்குவோம்.